கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த பழைய பிரிட்ஜ்

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் தானாகவே ஆப் ஆகி மீண்டும் ஆன் ஆகிறதா? வைரஸ் என்பார் ஒருவர். ராம் சரியில்லை என்பார் இன்னொருவர். பவர் சப்ளையை மாற்று என்பார் மூன்றாமவர். எங்கள் வீட்டில் இந்த மூன்றுமே காரணம் இல்லை. காரணம், கம்ப்யூட்டருக்கு ஆறடி தள்ளி நின்ற, 1986ல் ஆச்சி வாங்கிய 165 லிட்டர் பிரிட்ஜ்!

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். வீடு பாளையங்கோட்டை. ஓய்வு பெற்ற அப்பாவுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டின் நடு அறையில் வைத்தோம். நானும் சில வாரங்கள் அங்கிருந்தே வேலை பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டாம் நாளே பிரச்னை. அப்பா டைப் செய்து கொண்டிருக்கும்போது திரை கறுத்து, விண்டோஸ் மீண்டும் முதலில் இருந்து எழுந்து வந்தது.

இப்படி ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஈவன்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் இந்தப் பெயரை டைப் செய்தால் கிடைக்கும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று செல்லுங்கள். நீண்ட பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். ஈவன்ட் ஐ.டி. என்ற பத்தியில் 6008 என்ற எண்ணைத் தேடுங்கள். முறையாக ஷட் டவுன் செய்யாமல் கம்ப்யூட்டர் எத்தனை மணிக்கு நின்றது என்று அந்த வரி சொல்லும். ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரே நாளில் மூன்று வரிகள்: காலை 10.14, காலை 11.25, பகல் 12.36. மூன்றுக்கும் இடையே சரியாக 71 நிமிடம். வைரஸ் இப்படிக் கடிகாரம் பார்த்து வேலை செய்யாது.

மறுநாள் காலை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பிரிட்ஜ் "டக்" என்ற சத்தத்துடன் உறுமிக் கிளம்பியபோது பூஜை அறையின் குண்டு பல்பு மங்கியது. அதே நொடியில் கம்ப்யூட்டர் செத்தது. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. அதைக் கழற்றிப் பார்த்தால், பிரிட்ஜ் பிளக் இருந்த துளையின் பித்தளை தளர்ந்து, பிளாஸ்டிக் கருகி இருந்தது.

என்ன நடந்தது? பழைய பிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு ஆம்பியர் அளவில்தான் மின்சாரம் எடுக்கும். ஆனால் கிளம்பும் நேரத்தில் மட்டும் ஏழெட்டு ஆம்பியர் வரை இழுக்கும். அந்த இழுப்பில் தளர்ந்த பித்தளையில் தீப்பொறி பறந்து, மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் அறுந்தது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை சுமார் 16 மில்லி செகண்ட் வரைதான் மின்சாரம் இல்லாமல் தாக்குப் பிடிக்கும். நம் வீட்டு மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். ஒரு சுற்று முழுதாகத் தவறினால் போதும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட்தான்.

பிரிட்ஜுக்குச் சுவரில் எர்த் உள்ள தனி சாக்கெட் போட்டோம். கம்ப்யூட்டர் பிரச்னை அன்றே தீர்ந்தது. அப்போது பக்கத்து வீட்டு மாமா, "பேசாம பிரிட்ஜையும் உன் யு.பி.எஸ்.ல மாட்டிரு தம்பி" என்றார். இதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்காக விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். அந்த ஏழெட்டு ஆம்பியரைத் தாங்காது. அது பேட்டரியில் ஓடும்போது தரும் மின்சாரத்தின் வடிவமும் பெரும்பாலும் மோட்டாருக்கு ஏற்றதல்ல.

விஷயம் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிரிட்ஜ் ஏன் 71 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது? கவனித்தபோது 58 நிமிடம் ஓடி, 13 நிமிடம் மட்டுமே ஓய்வெடுத்தது. இவ்வளவு உழைத்தும் உள்ளே வைத்த தண்ணீர் ஜில்லென்று இல்லை. அந்த பிரிட்ஜில்தான் அம்மாவின் இன்சுலின் இருந்தது.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூடு கூடினால் அதன் வீரியம் குறையும். உறைந்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான். மீன் தொட்டிக்கு விற்கும், ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அதன் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். தண்ணீர் எதற்கு என்றால், கதவைத் திறந்த உடனே காற்றின் வெப்பம் ஏறி இறங்கும்; உள்ளே இருக்கும் மருந்தின் வெப்பம் அப்படி மாறாது. ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் 11.4 டிகிரி.

இரண்டு மாதமாக அம்மாவின் சர்க்கரை அளவு கட்டுக்குள் வரவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார். இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடம் 11.4 என்று சொன்னவுடன், இருக்கும் பாட்டில்களை அப்படியே எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார். புது பாட்டில்கள் பக்கத்து வீட்டு பிரிட்ஜுக்குப் போயின.

கேஸ் போயிருச்சு தம்பி!

அப்பா ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் கதவைத் திறந்து கையை விட்டார், மூடினார். "கேஸ் போயிருச்சு தம்பி. இந்த மாடலுக்கு இப்ப கேஸும் கிடையாது. பழைய இரும்புக்குப் போட்டுருங்க." மொத்தம் ஒரு நிமிடம். கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "மதர்போர்டு போச்சு" என்பவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு போலிருக்கிறது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் பிரிட்ஜில் இருப்பது ஆர்-12 என்ற வாயு. 1920களின் பிரிட்ஜ்களில் சல்பர் டை ஆக்சைடு, அமோனியா, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன, கசிந்தால் ஆபத்து. அதற்கு மாற்றாக 1928ல் தாமஸ் மிட்க்ளி குழுவினர் கொண்டு வந்தது ஆர்-12. எரியாது, விஷமும் அல்ல. ஆனால் இத்தகைய வாயுக்கள் மேலே சென்று ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974ல் மொலினாவும் ரோலண்டும் கண்டுபிடித்தார்கள். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992ல் அதில் சேர்ந்து, 2008ல் இவ்வகை வாயுக்களின் தயாரிப்பை நிறுத்தியது. எனவே கேஸ் உண்மையிலேயே போயிருந்தால் சிக்கல்தான். ஆர்-134ஏ போட வேண்டுமானால் கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெயையும் மாற்ற வேண்டும். எரியும் ஹைட்ரோகார்பன் வாயுவைப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அது பழைய எண்ணெயுடன் ஒத்துப்போகும் என்பது சரியே. ஆனால் பழைய பிரிட்ஜின் உள்ளேயே தெர்மோஸ்டாட்டும் பல்பு சுவிட்சும் பொறி விடும். வாயு உள்ளே கசிந்தால் என்ன ஆகும்? என் வீட்டில் அதைச் செய்ய மாட்டேன்.

ஆனால் எங்கள் பிரிட்ஜில் கேஸ் போயிருந்ததா? இதை வெளியில் இருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஐஸை முழுவதும் கரைத்துவிட்டு மீண்டும் ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து ப்ரீசர் பெட்டியைப் பாருங்கள். கேஸ் குறைந்திருந்தால் வாயு நுழையும் ஒரு மூலையில் மட்டும் வெண்பனி படியும். மற்ற இடம் ஈரமாக நிற்கும். எங்கள் பெட்டியின் சுவர் முழுக்க ஒரே சீராக மாவு பூசியதுபோல் பனி படிந்தது. பின்புறக் கறுப்புக் கம்பிகளும் கையில் சூடாகத் தெரிந்தன. ஆக, கேஸ் இருக்கிறது. 1986ல் தொழிற்சாலையில் அடைத்த அதே கேஸ்!

இந்த ஐஸைக் கரைப்பதிலும் ஒரு எச்சரிக்கை. கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் கொண்டு சுரண்டக் கூடாது. ப்ரீசரின் சுவர் மெல்லிய அலுமினியம். அதற்குள்தான் வாயு ஓடுகிறது. பழைய பிரிட்ஜ்கள் பல இப்படி ஒரே குத்தில் இறந்து போகின்றன. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். பொறுமை வேண்டும். எங்கள் ஐஸ் இரண்டு விரல் கனம். கரைய மூன்று மணி நேரம் ஆனது.

அந்த இரண்டு விரல் ஐஸ்தான் முக்கியக் குற்றவாளிகளில் ஒன்று. ஐஸ் குளிர்ச்சியானதுதானே என்று நினைக்கலாம். ஆனால் ப்ரீசரின் சுவருக்கும் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் இடையே அது கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் ப்ரீசர் சுவரை ஒட்டியே இருக்கும். சுவர் நன்றாகக் குளிர்ந்ததும் "போதும்" என்று கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கீழ்த்தட்டு 11 டிகிரியில் வேகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இவ்வளவு ஐஸ் ஏன் சேர்ந்தது? வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்துகொண்டே இருந்ததால். கதவின் ரப்பர் கேஸ்கட்டில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். நோட்டு இறுக்கமாக வர வேண்டும். எங்கள் கதவின் கீழ் மூலையில் நோட்டு தானாகவே விழுந்தது. செல்போனின் கேமராவை வீடியோவில் ஓடவிட்டு உள்ளே வைத்து, கதவை மூடியும் ஒரு சோதனை செய்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது. கீழ் மூலையில் வெளிச்சக் கீற்று. அதைவிட வேடிக்கை, கதவு மூடிய பிறகும் உள்ளே 15 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தது! கதவு சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்ப்பெட்டிக்குள் ஒரு குட்டி அடுப்பு.

சுவிட்ச் புதிதாகப் போட்டோம். கேஸ்கட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, வளைந்த இடத்தை நிமிர்த்திப் பார்த்தேன். மூன்று பக்கம் சரியானது, கீழ்ப்பக்கம் வரவில்லை. கதவை அளந்து கேஸ்கட் செய்து தரும் கடை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருந்தது. புதியதை மாட்டிய பின் கீல் பக்கம் மட்டும் லேசாக வாசலின் தடவினேன். முன்கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால், கதவு தானாகவே சாய்ந்து மூடிக்கொள்ளும். ஆச்சி காலத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

தலைகீழாகப் போட்ட ரிலே

அடுத்தது பின்பக்கம். கறுப்புக் கம்பிக் காயில், கம்ப்யூட்டரின் ஹீட் சிங்க் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுகிறது. எங்கள் காயிலில் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் கலந்து கம்பளிபோல் படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியும் கொண்டு துடைத்தேன். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் ரிலேயும், சூடேறினால் துண்டிக்கும் ஓவர்லோடும் இருக்கும். சில பிரிட்ஜ்களில் கெபாசிட்டரும் இருக்கும். அப்படி இருந்தால் புதியவர்கள் கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். எங்களுடையதில் இல்லை. ரிலேயைப் பிடுங்கினால் மூன்று பின்கள் தெரியும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக அளக்க வேண்டும். எனக்கு 17, 31, 48 ஓம் கிடைத்தது. சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வருகிறதல்லவா? உள்ளே இருக்கும் இரண்டு சுருள்களும் அறுபடவில்லை என்று அர்த்தம். அடுத்து எந்தப் பின்னுக்கும் கம்ப்ரஸரின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் பிரிட்ஜைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். வெறும் மல்டிமீட்டர் இதற்குப் போதாது என்பதால், தெருக்கோடி எலக்ட்ரீஷியன் அண்ணனை மெக்கர் கொண்டு வரச் சொல்லி உறுதி செய்தேன்.

கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. கருகியிருந்தது ரிலேயின் உள்முனைகள். கிளம்பும்போது மட்டும் உதவிச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, மோட்டார் வேகம் பிடித்ததும் விலகிக்கொள்வதுதான் ரிலேயின் வேலை. முனை கருகினால் கிளம்புவதற்கே திணறும். அரை நொடியில் முடிய வேண்டிய பெரும் இழுப்பு பல நொடிகள் நீளும். கம்ப்யூட்டரின் மூச்சை நிறுத்தியதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் பாதிப் பங்கு என்றால் மீதி இதற்கு.

அதே குதிரைத்திறனுக்கு உரிய புது ரிலே வாங்கி மாட்டினேன். ஸ்விட்ச் போட்டால் உறுமல், ஐந்து நொடியில் "டக்". மீண்டும் உறுமல், மீண்டும் "டக்". இரவு பதினொரு மணி. கம்ப்ரஸரைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். அம்மா எதுவும் சொல்லவில்லை, காபி மட்டும் கொண்டு வந்து வைத்தார்கள். காலையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தலைகீழா மாட்டியிருக்க தம்பி." இந்த வகை ரிலேயில் உள்ளே ஒரு குண்டுத் துண்டு தன் எடையால் கீழே விழுவதால்தான் இணைப்பு விலகும். திருப்பி மாட்டினால் அது எப்போதும் இணைந்தே கிடக்கும். அதனால்தான் உடலில் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை. நிமிர்த்தி மாட்டியதும் ஒரு சின்ன முனகலுடன் கிளம்பியது. பூஜை அறை பல்பு அசையவே இல்லை.

வெடித்துப்போயிருந்த பழைய மெயின் ஒயரை மாற்றி, மூன்று பின் பிளக்கில் எர்த் ஒயர் பாடியுடன் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அடிப்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தேன். வெளி பெயிண்டைத் தொடவில்லை.

எக்ஸெலில் பிரிட்ஜ்

இனி இன்சுலினை உள்ளே வைக்கலாமா? ஒரு தடவை 5 டிகிரி காட்டினால் போதாது. ஒரு வாரம் முழுக்க, இரவும் பகலும் 2க்கும் 8க்கும் இடையே நிற்க வேண்டும். இதற்கு அப்பாவின் புது கம்ப்யூட்டரே பயன்பட்டது.

எக்ஸெலைத் திறந்து முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் வெப்பம் என்று தலைப்பு கொடுங்கள். நேரத்தை டைப் செய்ய வேண்டாம். கண்ட்ரோல் விசையுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய தேதி வரும். ஒரு இடைவெளி விட்டு, கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் இப்போதைய நேரமும் அதே கட்டத்தில் சேரும். தேதியையும் சேர்க்காவிட்டால் நள்ளிரவு தாண்டியதும் குழப்பம் வரும். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே விசைகள்தான்.

பிறகு இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேப்பில் ஸ்கேட்டர் வகை சார்ட்டில் கோடு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். லைன் சார்ட் ஏன் கூடாது? நேரமும் சேர்ந்த கட்டங்களை வைத்து லைன் சார்ட் போட்டால் நேர இடைவெளி சரியாக வராது. நீங்கள் தூங்கிவிட்டு ஆறு மணி நேரம் கழித்து எடுத்த அளவும் அரை மணியில் எடுத்த அளவும் ஒன்றுபோல் தெரியும். ஸ்கேட்டர் உண்மையான நேரத்தைக் காட்டும்.

முதல் நாள் கோட்டைப் பார்த்தே ஒரு தவறு தெரிந்தது. ப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் அதிகாலையில் 0.8 டிகிரி வரை இறங்கியது. அங்கே வைத்தால் மருந்து உறையும் அபாயம். கதவுத் தட்டிலோ மதியம் 10 வரை ஏறியது. நடுத்தட்டின் பின்பக்கம் மட்டுமே 4க்கும் 6க்கும் இடையில் நின்றது. தெர்மோஸ்டாட்டை ஒரு எண் குறைத்து மீண்டும் ஏழு நாள். இப்போது 17 நிமிடம் ஓடி 25 நிமிடம் ஓய்வெடுக்கிறது. ஓடும்போது 130 வாட் என்பதால், முன்பு நாளுக்கு இரண்டரை யூனிட் செலவானது ஒன்றேகால் யூனிட்டாகக் குறைந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதே அளவில் நல்ல ஸ்டார் ரேட்டிங் உள்ள புது பிரிட்ஜ் இதில் பாதிக்கும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். காசுக் கணக்குப் பார்த்தால் புதியது வாங்குவதே சரி. அம்மா சம்மதிக்கவில்லை. ஆச்சி மாவு அரைத்து விற்ற காசில் தவணை கட்டி வாங்கியது அது. ஆனால் ப்ரீசரில் பனி ஒரு மூலையில் மட்டும் படிய ஆரம்பித்தால் அன்றே விடை கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். அதில் அம்மாவுக்கும் சம்மதம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஐஸ் அரை விரல் கனம் தாண்டும் முன் கரைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. காயிலில் ஒட்டடை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சூடான குழம்பை ஆறாமல் உள்ளே வைக்கக் கூடாது. முக்கியமானது, கரன்ட் போய் வந்தால் உடனே ஓடவிடக் கூடாது. குழாயின் ஒரு பக்கம் வாயு அழுத்தம் அதிகமாகத் தேங்கி நிற்கும். அது சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் சுழல முடியாமல் சூடேறும். நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். பழைய பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அதில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

நான் சென்னை திரும்பி இரண்டு வாரத்தில் ஒரு நாள் இரவு ஊரில் நான்கு மணி நேரம் கரன்ட் இல்லையாம். காலையில் அப்பா எக்ஸெல் பைலை மெயிலில் அனுப்பியிருந்தார். கதவைத் திறக்காமல், வெளியே தொங்கும் தெர்மாமீட்டரை டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதி, கரன்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். இரவு 11.05க்கு 5.1 டிகிரி. அதிகாலை 2.40க்கு 6.9. கரன்ட் வந்த 3.05க்கு 7.2. அதற்குக் கீழே, எந்தப் பத்தியிலும் சேராமல் ஒரு வரி: "மருந்து பத்திரம். அம்மா தூங்குகிறாள்."